தோட்ட மண்டபமும் சிஎன்சி மெஷினும்: குத்தம் யார் மேல?

எட்டுப் பட்டை மண்டபம். கூரை ஓரம் முழுக்கப் பூவேலை செஞ்ச பலகை. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவுல வளைஞ்சு நிக்கிற தாங்கு கட்டை. மேல வெள்ளைப் பெயின்ட். ஹாலிவுட் படத்துல தோட்டத்துல கல்யாணம்னா பின்னாடி இதுதான் நிக்கும். கெஸீபோன்னு சொல்றது இதைத்தான். அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் இந்த மாதிரிப் பழைய பாணி மண்டபம், கொடி ஏத்துற வளைவு, பெர்கோலா எல்லாத்தையும் இப்ப சின்னப் பட்டறைக்காரங்க சிஎன்சி ரௌட்டர்ல, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுற வெட்டு மெஷின்ல, வெட்டிச் செஞ்சு குடுக்குறாங்க. செஞ்ச கையோட ஒரு தீர்ப்பும் வந்துடுது: "மெஷின்ல வெட்டினதா? அப்ப அது டூப்ளிகேட். உயிர் இருக்காது." இந்த 'உயிர்' பேச்சு எனக்கு ரொம்ப எரிச்சல். மெஷினுக்கு வக்காலத்து வாங்க நான் வரல (அதுக்கு விக்கிற கம்பெனிங்களே இருக்கு). அந்த மண்டபங்கள்ல குத்தம் இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா விரலை நீட்டுற திசைதான் தப்பு.

அந்தப் பாணி எங்க பிறந்துச்சுன்னு முதல்ல பாருங்க. ஐரோப்பாவுல காதிக்னா கல்லு. கூர்மையான வளைவு, மூணு இதழ், நாலு இதழ் ஓட்டை, எல்லாம் சர்ச் சுவர்ல சிற்பி செதுக்கினது. அது 1840கள்ல அமெரிக்காவுக்கு வந்தப்போ அங்க காடு காடா மரம் இருந்துச்சு, கல் சிற்பிக்குத்தான் பஞ்சம். அதனால தச்சர்கள் அதை மரத்துக்கு மாத்திக்கிட்டாங்க. 'கார்பென்டர் காதிக்'னு பேரே வந்துடுச்சு. மாத்த முடிஞ்சதுக்குக் காரணம் அவங்க கை மட்டும் இல்ல. வட்ட ரம்பம் பலகையைச் சல்லிசாக் குடுத்துச்சு. வில்லியம் உட்வொர்த் 1828ல பேட்டன்ட் வாங்கின இழைப்பு மெஷின் பலகையை ஒரே தடிமனா, வழவழன்னு குடுத்துச்சு. நீராவியில ஓடுற ஸ்க்ரோல் சா வந்து மிச்சத்தை முடிச்சுது. ஒல்லியான ரம்பம் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். பலகையில ஒரு துளை போட்டு, அதுக்குள்ள ரம்பத்தை விட்டு, பென்சில் கோட்டுல ஓட்டினா பூ வந்துடும். நாலஞ்சு பலகையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரே ஓட்டுல வெட்டுறதும் உண்டு. மாசசூசெட்ஸ் பக்கம் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவுல ஓக் பிளஃப்ஸ்னு ஒரு ஊரு. 1835ல மெதடிஸ்ட் சபைக்காரங்க கூடாரம் போட்டுப் பிரார்த்தனை செய்ய ஆரம்பிச்ச இடம். கூடாரம் 1850கள் கடைசியில இருந்து குட்டி குட்டி மர வீடா மாறிச்சு. இன்னைக்கும் 300க்கு மேல நிக்குது. கூரை ஓரம், திண்ணை, பால்கனி எல்லாம் ஸ்க்ரோல் சா வேலை. 'எவ்வளவு பழமை, எவ்வளவு கைவண்ணம்'னு ஜனங்க போய்ப் போட்டோ எடுக்குறாங்க. அது மொத்தமும் அன்னைக்குத் தேதிக்குப் புத்தம் புது மெஷின் குடுத்த அழகு.

இதைவிட வேடிக்கை லண்டன்ல. 1834ல தீயில போன பார்லிமென்ட் கட்டடத்தைத் திரும்பக் கட்டுறாங்க. சார்லஸ் பாரி கட்டடக் கலைஞர். உள் அலங்காரம் பியூஜின். இடைக்கால காதிக்தான் உண்மையான கட்டடக் கலைன்னு சத்தியம் பண்ணாத குறையா எழுதின மனுஷன் பியூஜின். அந்த மாளிகையோட மரச் செதுக்கு வேலைக்கு என்ன பயன்படுத்தினாங்க தெரியுமா? தாமஸ் ஜோர்டன் 1845ல பேட்டன்ட் எடுத்த செதுக்கு மெஷின். ஒரு மாதிரி உருவத்தை வெச்சு, அது மேல ஒரு குச்சி தடவிக்கிட்டே போகும். அந்தக் குச்சி எங்க ஏறி இறங்குதோ அங்கல்லாம் சுத்துற வெட்டுக்கத்தி பக்கத்து மரத்துல ஏறி இறங்கும். ஒரே நேரத்துல ஒண்ணுக்கு மேல நகல் வரும். முரட்டு வேலை மெஷினுக்கு, கடைசி மெருகு ஆளோட உளிக்கு. இன்னைய சிஎன்சி ரௌட்டர் பட்டறையில நடக்கிறதும் இதேதான். தடவிப் பார்க்குற குச்சிக்குப் பதிலா எண்கள் வந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த எண்களை வெச்சு மெஷினை ஓட்டலாம்னு எம்ஐடியில செஞ்சு காட்டினது 1952ல, அதுவும் விமான பாகங்களுக்காக. மரப் பட்டறைக்காரன் கையில காசுக்குக் கட்டுற மாதிரி அது கிடைக்க இன்னும் 40 வருஷத்துக்கு மேல ஆச்சு.

"சரி, மெஷின் அப்பவும் இருந்துச்சு. ஆனா டிசைன்? இவங்க யாரோ போட்ட ஃபைலை டவுன்லோடு பண்ணி வெட்டுறாங்களே!" இதுவும் அடிக்கடி வர்ற கேள்வி. நம்ம ஊர்ல மார்கழிக்குக் கோலப் புத்தகம் விக்கிற மாதிரி 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல தோட்ட மண்டபத்துக்கு மாதிரிப் புத்தகம் வித்தாங்க. பேட்டி லாங்லி 1740கள்ல காதிக் வளைவு, குடை மண்டபம்னு தகட்டுப் படம் போட்டுக் குடுத்தார். வில்லியம் ஹாஃப்பென்னி 1750ல இருந்து சீன பாணிக் கோயில், வேலி, பாலம்னு வரிசையா இறக்கினார். தாமஸ் சிப்பென்டேல் 1754ல போட்ட புகழ்பெற்ற மேசை நாற்காலிப் புத்தகத்துலயே சீனச் சட்ட வேலி மாதிரிகள் இருக்கு. இதையெல்லாம் வாங்கினது யாருன்னா, சீனாவைக் கண்ணால பார்க்காத கிராமத்துத் தச்சர். 19ஆம் நூற்றாண்டு கடைசிக்கு வந்தா இன்னும் சுலபம். அமெரிக்காவுல கேட்டலாக்கைப் பார்த்து நம்பர் சொன்னா தாங்கு கட்டையும் ஓரப் பலகையும் ரயில்ல வந்து இறங்கும். ஆக, அடுத்தவன் வரைஞ்சதை வெட்டுறதுதான் இந்தப் பாணியோட பரம்பரைத் தொழில். இதுல சுயசிந்தனை இல்லன்னு இன்னைக்கு ஒருத்தரைப் பிடிச்சுத் திட்டினா, திட்டு 250 வருஷம் பின்னாடி போகணும்.

கனமான எதிர்ப்பு ஒண்ணு இருக்கு, அதை ஒதுக்கிட்டுப் போக முடியாது. ஜான் ரஸ்கின் 1849ல எழுதின கட்டடக் கலைப் புத்தகத்துல பொய்களை மூணு வகையாப் பிரிக்கிறார். தாங்காததைத் தாங்குற மாதிரி காட்டுறது ஒண்ணு. ஒரு பொருளை இன்னொண்ணு மாதிரி பூசிக் காட்டுறது ரெண்டாவது. மெஷின்லயோ அச்சுலயோ செஞ்ச அலங்காரத்தைக் கைவேலைன்னு நிக்க வைக்கிறது மூணாவது. அலங்காரத்துக்கு மதிப்பே ஒரு மனுஷன் உட்கார்ந்து செலவழிச்ச உழைப்புலயும் அக்கறையிலயும் இருக்குங்கிறது அவரோட கட்சி. சர்ச்சுக்கும் அரசாங்கக் கட்டடத்துக்கும் இந்த வாதத்துக்கு நான் தலை வணங்குறேன். தோட்டத்துக்குள்ள வந்தா மட்டும் இது தடுமாறுது. இங்கிலாந்துல சர்ரே மாவட்டத்துல பெயின்ஸ்ஹில்னு 18ஆம் நூற்றாண்டுத் தோட்டம் ஒண்ணு. சார்லஸ் ஹாமில்டன் அமைச்சது. மேட்டு மேல ஒரு காதிக் மண்டபம், தூரத்துல இருந்து பார்த்தா சுத்தமான கல். கிட்டப் போனா மரம்! கல்லு மாதிரி தெரியறதுக்காகவே செஞ்ச மரம். அமெரிக்காவுல ஜார்ஜ் வாஷிங்டன் என்ன பண்ணினார்? மவுன்ட் வெர்னான் வீட்டுக்குப் பைன் பலகையைக் கல் துண்டு மாதிரி ஓரம் சீவி, பெயின்ட் அடிச்சு, ஈரம் காயறதுக்குள்ள மேல மணலை வீசினார். ரஸ்கின் சொன்ன ரெண்டாவது பொய் கணக்கா ஃபிட் ஆகுது. இந்தக் கட்டடங்களைப் 'போலி'ன்னு யாரும் இடிக்கச் சொல்லல. பாரம்பரியச் சின்னம்னு பார்த்துப் பார்த்துப் பராமரிக்கிறாங்க. தோட்ட மண்டபங்கிறது ஆரம்பத்துல இருந்தே நாடக செட்டு. நாடகத்துல போய் 'வேஷம் போட்டிருக்கான்'னு கண்டுபிடிச்சுச் சொல்றதுல என்ன பெருமை?

இன்னொருத்தர், அந்தக் காலத்து வேலை எல்லாம் கைவேலைதான்னு நிரூபிக்க, மெய்ன் மாகாணத்துல கென்னபங்க் ஊர்ல இருக்கிற 'வெட்டிங் கேக்' வீட்டைக் காட்டுவார். 1825ல கட்டின சாதாரணச் செங்கல் வீடு. 1850கள்ல அதோட சொந்தக்காரரான கப்பல் கட்டுறவர் கைக்கருவியால செதுக்கிச் செதுக்கி மேல மர காதிக் அலங்காரத்தைப் போர்த்தினார். அருமையான வேலை, மறுக்கல. ஆனா அவர் கப்பல் தச்சு தெரிஞ்சவர், வசதிக்காரர், கையில நேரமும் இருந்துச்சு. அவரை வெச்சு அந்தக் காலம் முழுக்க அப்படித்தான்னு முடிவு கட்டினா, ஓக் பிளஃப்ஸ்ல நிக்கிற வீடுகளை எந்தக் கணக்குல எழுதுறது?

இப்ப நான் சொல்ல வந்த இடம். இந்தப் பாணியை அமெரிக்காவுல வீடு வீடாக் கொண்டு போனவர்னு ஒருத்தரைச் சொல்லணும்னா ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங். நியூயார்க் மாகாணத்துல நியூபர்க்ல நாற்றங்கால் வெச்சிருந்த தோட்டக்காரர். 1842ல ஒரு புத்தகம், 1850ல ஒரு புத்தகம். 1852ல நீராவிப் படகு விபத்துல 36 வயசுல போயிட்டார். கூரை முகப்புல தொங்குற ஓரப் பலகையைப் பத்தி அந்த 1850 புத்தகத்துல அவர் எழுதியிருக்கிறதைத்தான் சிஎன்சி வெச்சிருக்கிற எல்லாரும் பட்டறைச் சுவர்ல ஒட்டிக்கணும். மெல்லிசு பலகையில அறுத்து மாட்டினா நோஞ்சானாத் தெரியும், வீட்டோட அழகைக் கூட்டாம கெடுக்கும்னு சொல்றார். 'ஜிஞ்சர்பிரெட்'ங்கிற கேலியும் அங்கயே வருது. கவனிங்க, இவர் ரம்பத்தைக் குறை சொல்லல. ஆவியில ஓடுச்சா, கையில ஓடுச்சான்னு கேக்கல. தடிமனைக் கேக்குறார். வெயில் விழுந்தா நிழல் விழணும். கனமான பலகையில ஓட்டை போட்டா அந்த ஓட்டைக்கு ஒரு ஆழம் வரும், உள்சுவர் தெரியும், காலைக்கு ஒரு மாதிரி, சாயந்திரத்துக்கு ஒரு மாதிரி இருட்டு விழும். மெல்லிசு பலகையில அது வெறும் அட்டை வெட்டு. இன்னைக்கு சிஎன்சி மண்டபத்தைப் பார்த்து 'ஏதோ இடிக்குது, உயிர் இல்ல'ன்னு சொல்றவங்க கண்ணுக்கு நிஜமாவே ஒண்ணு பட்டிருக்கு. அவங்களுக்கு இடிக்கிறது பலகையோட ஒல்லித்தனம். பழி மட்டும் கம்ப்யூட்டர் மேல போகுது.

ஏன் மெல்லிசாப் போகுது? கஞ்சத்தனம் பாதி. மீதி மெஷினோட உடம்பு வாகு. ரௌட்டர்ல வெட்டுறது சுத்துற பிட். வட்டமான ஒரு பொருள் உள்மூலையைக் கூராக வெட்டவே முடியாது. பிட்டோட ஆரம் எவ்வளவோ அவ்வளவு வளைவு மூலையில நிக்கும். 6 மில்லிமீட்டர் பிட்னா 3 மில்லிமீட்டர் வளைவு. சரி, நுணுக்கம் வேணும்னு சின்னப் பிட் போட்டா அது ஆழமா இறங்காது. இறக்கினா வளையும், அதிரும், ஒடியும். ஒரு ஓட்டுக்குப் பிட்டோட விட்டம் அளவுக்கு மேல இறக்காதேங்கிறது பட்டறைக் கணக்கு. ஒன்றரை அங்குலப் பலகையை, அதாவது 38 மில்லிமீட்டரை, 6 மில்லிமீட்டர் பிட்டால வெட்ட அதே கோட்டுல ஆறேழு தடவை சுத்தி வரணும். முக்கால் அங்குல பிளைவுட்னா அதுல பாதி. மெஷின் நேரம்தான் காசு. இப்ப புரியுதா, டிசைன் ஏன் தானா மெல்லிசை நோக்கிச் சறுக்குதுன்னு? ஸ்க்ரோல் சாவுக்கு இந்த அவஸ்தை கிடையாது. அது பலகையோட முழுத் தடிமனையும் ஒரே போக்குல அறுக்கும். கூரான உள்மூலைக்கு ரெண்டு பக்கத்துல இருந்து வந்து சந்திச்சாப் போதும். இந்த ஒரு விஷயத்துல 150 வருஷத்துக்கு முந்தின மெஷின் இன்னைய மெஷினை ஜெயிச்சுடுது. ஆனா தப்பிக்க வழி இருக்கு. பெரிய பிட்டால தடிமனா வெட்டு, உள்மூலையை மட்டும் உளியால எடு. ஒரு மூலைக்கு நாலு தட்டு. ஜோர்டன் மெஷின் காலத்துலயே கடைசி மெருகு உளிக்குத்தான்னு சொன்னேன் இல்லையா, அந்த வேலைப் பங்கீடு இன்னும் மாறல. அந்த நாலு தட்டைச் சோம்பேறித்தனமா விட்டுட்டு எல்லா மூலையும் குண்டு குண்டா நிக்கிற மண்டபம்தான் 'மெஷின்ல செஞ்சது'ன்னு பத்தடி தூரத்துல இருந்தே காட்டிக் குடுத்துடும்.

அடுத்தது நார். மரம்னா அது ஒரே திசையில ஓடுற நார்க் கட்டு; அதைக் குறுக்க வெட்டி ஒல்லியா விட்டா உடையும். வளைஞ்ச தாங்கு கட்டையை ஒரே அகலப் பலகையில இருந்து வெட்டினா, வளைவோட ஏதோ ஒரு இடத்துல நார் குறுக்காத்தான் போகும், அங்கதான் பட்டுன்னு போகும். விக்டோரியன் காலத்து அசல்கள்லயும் உடைஞ்ச இடத்தைத் தேடினா பெரும்பாலும் இந்தக் குறுக்கு நார்தான். கெட்டிக்காரத் தச்சர் வளைவை ரெண்டு மூணு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டுலயும் நார் நீளவாக்குல வர்ற மாதிரி வெச்சு, மூட்டுப் போட்டுச் சேர்ப்பார். கம்ப்யூட்டர் என்ன பண்ணும்? பலகை வீணாகக் கூடாதுன்னு துண்டுகளை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி அடுக்கிக் குடுக்கும். அதுக்குப் பலகைங்கிறது வெறும் செவ்வகம்; நார்னு ஒண்ணு இருக்கிறது யாராவது சொன்னாத்தான் தெரியும். இரும்புத் தகட்டுக்கு அடுக்குற புத்தியை மரத்துக்குப் பயன்படுத்தினா வர்ற வினை இது. (அந்த சாஃப்ட்வேர்கள்ல துண்டைத் திருப்பாம பூட்டி வைக்க வசதி இருக்கும். பூட்டணும்னு தோணணும், அதான் விஷயம்.) அதோட, மரம் ஈரத்துக்கு ஏத்த மாதிரி அகலத்துல ஊதும், சுருங்கும், நீளவாக்குல அனேகமா அசையாது. அதனால அகலமான ஒரே பலகையில சுத்திச் சுத்தி ஆணி அடிச்சு இறுக்கினா அதுவே விரிஞ்சுக்கும். பூவேலையை ஒடுக்கமான துண்டுகளாப் பிரிச்சு, மூச்சு விட இடம் குடுத்து மாட்டறது அழகுக்கு மட்டும் பண்ணின ஏற்பாடு இல்ல.

தண்ணி தனிக் கதை. மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பூஞ்சை அண்டாது. தாண்டி அப்படியே நின்னா உளுத்துப் போகும். நார் முனை தெரியற இடம்தான் தண்ணியை உறிஞ்சுற வாய். பூவேலைப் பலகையில ஒவ்வொரு ஓட்டையும் ஒவ்வொரு வளைவும் நார் முனையைத் திறந்து விடுது, அதாவது நூத்துக்கணக்கான வாய். அன்னைக்கு அவங்ககிட்ட பழங்காட்டுப் பைன் இருந்துச்சு, நெருங்கின வளையம். மேல ஆளி விதை எண்ணெயில குழைச்ச ஈயப் பெயின்ட் ரெண்டு மூணு கோட். ஈயம் இன்னைக்குக் கூடாது, சரி. அதுக்குப் பதிலா சிவப்பு சீடர், வெள்ளை ஓக், தேக்கு, பதப்படுத்தின மரம்னு வழி இருக்கு. வைரம் பாய்ஞ்ச பகுதியாப் பார்த்து எடுக்கணும். ஆனா நிறைய பட்டறையில மெஷின் படுக்கையில ஏறுறது பிளைவுட் ஷீட்டு. நம்ம ஊர்ப் பூஜை ரூம் கதவுக்கு எம்டிஎஃப்லயும் பிளைவுட்லயும் சிஎன்சி கட்டிங் போடுறோமே, அது வீட்டுக்குள்ள கூரைக்குக் கீழ இருக்கு, பிழைச்சுக்கும். அதே ஷீட்டை மழையில நிறுத்தினா ஓரம் ஊதி ஏடு ஏடாப் பிரியும். பிவிசி பலகையில வெட்டுறவங்களும் உண்டு. உளுக்காது, கரையான் வராது, வாஸ்தவம். ஆனா வெயில்ல நீளும், அதோட பெயின்ட் அடிச்ச மரத்துக்கு இருக்கிற அந்தக் கனம் அதுக்கு வராது. இன்னொரு கொடுமை வார்னிஷ். 'இயற்கையான மரம் தெரியட்டுமே'ன்னு வெளிய நிக்கிற மண்டபத்துக்கு வார்னிஷ் அடிக்கிறாங்க. வெயில் அதுக்குள்ள ஊடுருவி மரத்தோட மேல்தோலைச் சிதைக்கும், சீக்கிரமே உரிஞ்சு தொங்கும். ஸ்க்ரோல் சா பூவேலையைப் பெயின்ட் அடிக்கத்தான் செஞ்சாங்க. பழைய பாணி வேணும், பெயின்ட் மட்டும் வேண்டாம்னா என்ன அர்த்தம்? அப்புறம், ரௌட்டர் விடுற விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். பெயின்ட் அந்த முனையில நிக்காது, மெலிஞ்சு போகும். ரெண்டு மில்லிமீட்டர் மழுக்கி விட்டா பெயின்டோட ஆயுசு கூடும். போர் அடிக்கிற வேலை. இதைச் செஞ்சிருக்காங்களான்னு விரலால தடவியே கண்டுபிடிச்சுடலாம்.

'மெஷின் சரிதான்'னு நான் சொல்றது எல்லாப் பழைய பாணிக்கும் இல்ல. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஹாஃப்பென்னி காட்டின சீன வேலிச் சட்டத்தை எடுத்துக்கோங்க. அது ஒல்லிக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமா வெச்சு, சந்திக்கிற இடத்துல ரெண்டுலயும் பாதி பாதி எடுத்து உட்கார வைக்கிற வேலை. எல்லா மூலையும் கூரான செங்கோணம், எல்லாக் குச்சியிலயும் நார் நீளவாக்கு. அதைப் போய் ஒரே ஷீட்டுல ரௌட்டரால குடைஞ்சா, மூலை எல்லாம் உருண்டு, பாதிக் குச்சி குறுக்கு நாராகி, ஒரு தட்டு தட்டினா உதிரும். வட்ட ரம்பமும் உளியும் அதை ரௌட்டரைவிடச் சீக்கிரமாவே முடிச்சுடும். பிரெஞ்சுக்காரங்களோட ட்ரெயாஜ் இன்னும் ஒரு படி மேல. தோட்டத்துல கொடி படர மரச் சட்டத்துலயே மண்டபம், தூண், குவிமாடம்னு கட்டுற கலை அது. ரூபோன்னு ஒருத்தர் 1775ல தனிப் புத்தகமே போட்டார். செஸ்ட்நட் மரத்தைப் பிளந்து பட்டை எடுப்பாங்க. ரம்பத்தால அறுக்காம பிளக்கறதால வெட்டு நாரோடயே போகும், பட்டையோட இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் நார் அறாது. அந்தப் பலத்தை எந்தக் கம்ப்யூட்டரும் ஷீட்டுல இருந்து எடுத்துத் தராது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல காப் காட்னு ஒரு காட்டுக் கட்டை மண்டபம் நிக்குது. கிளை போன போக்குலயே கோத்த வேலை. ஒரு கட்டை மாதிரி இன்னொரு கட்டை இல்ல. அங்க சிஎன்சிக்கு வேலையே கிடையாது. தட்டைப் பலகையில கோடு போட்டு வெட்டிப் பிறந்த பாணிக்கு, தட்டைப் பலகையை வெட்டுற மெஷின் சொந்தக்காரன். குச்சியைக் கோத்தோ பட்டையைப் பிளந்தோ பிறந்த பாணிக்கு அது அன்னியன். 'பழைய பாணி'ன்னு ஒரே மூட்டையாக் கட்டிப் பேசினா இந்த வித்தியாசம் காணாமப் போயிடும்.

"எல்லாத் துண்டும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கே, அதானே உயிர் இல்லாத மாதிரி இருக்கு?" இந்தக் கேள்விக்கு எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. அடுக்கி வெச்சு ஒரே ஓட்டுல அறுத்தவங்க ஒண்ணு போல வரணும்னுதான் அறுத்தாங்க. எட்டு பக்கமும் ஒண்ணா இருக்கிறது அன்னைக்குப் பெருமை. மெஷின் கெடுக்கிறது வேற இடத்துல, தன்னால முடியும்ங்கிற ஒரே காரணத்துக்காக எல்லாத்தையும் பண்றதுல. ஸ்க்ரோல் சாவுக்கு வெளிக்கோடு மட்டும்தான் தெரியும், பலகையோட முகத்தைத் தொடாது. அதனால ஆழம் வேணும்னா பலகை மேல பலகை அடுக்கினாங்க. தூணோட விளிம்பைச் சீவி, மூட்டுக்கு முன்னாடியே நிறுத்தினாங்க. உருட்டுத் தூணைக் கடைசல் பட்டறையில கடைஞ்சாங்க. ரௌட்டருக்கு முகத்துலயும் குடைய வரும். உடனே தூண்ல திராட்சைக் கொடி, உத்தரத்துல சிங்க முகம், சொந்தக்காரர் பேரு முதலெழுத்து! விக்டோரியன் மண்டபம் கேட்டவருக்கு ஹோட்டல் வாசல் கிடைக்குது. (பேருன்னு வந்துட்டா யாருக்கும் கட்டுப்பாடு இருக்காது போல.)

தொழிலாளி வயித்துல அடிக்கலையான்னு கேட்டா, அந்தக் கேள்விக்கு மழுப்பாம பதில் சொல்லணும். அடிச்சிருக்கு. 1800களோட ஆரம்பத்துல போர்ட்ஸ்மத் கப்பல் துறையில பிரூனல்ங்கிற இன்ஜினியர் வெச்ச மர வேலை மெஷின்கள்ல கப்பல் கப்பிகளை 10 பேர் செஞ்சாங்க. முன்னாடி அதே வேலைக்கு 110 பேர். செதுக்குறவங்க பொழப்பும் 19ஆம் நூற்றாண்டுல இப்படித்தான் தேய்ஞ்சுது. ஆனா தோட்ட மண்டபம்னு எடுத்துக்கிட்டா, பூவேலை அறுக்கிறது மொத்த வேலையில சின்னப் பங்கு. எட்டுப் பட்டைக் கூரையைச் சேர்க்கிறதை யோசிங்க. ஒவ்வொரு மூலையும் 135 டிகிரி, சரிவுக்கு ஏத்த மாதிரி கைமரம் ரெட்டைக் கோணத்துல வரணும், எல்லாம் உச்சியில ஒரே புள்ளியில சந்திக்கணும். அஸ்திவாரம் ஒரு இழை கோணினாலும் உச்சியில தெரியும். அதுக்குத் தச்சர்தான் வேணும். ஜப்பானைப் பாருங்க. தூணும் உத்தரமும் வெச்சுக் கட்டுற மர வீடுகள்ல பத்துல ஒன்பதுக்கு மேல இப்ப ஃபேக்டரியில மெஷின் வெட்டின மூட்டோடதான் வருது. புறா வால் மாதிரியான அந்தப் பழைய மூட்டுகளையே மெஷின் தனக்கு ஏத்த மாதிரி மூலையை உருட்டி வெட்டுது. எந்தப் பக்கம் எப்படி உருட்டினா பலம் குறையாதுன்னு தச்சு தெரிஞ்சவங்க உட்கார்ந்து யோசிச்சதால அது நிக்குது. கைவேலை தெரியாத இடத்துல அதே மெஷின் குப்பையைத்தான் கக்கும்.

நோத்ரதாம் சர்ச் உதாரணத்தைக் கொண்டு வந்து மடக்கப் பார்ப்பாங்க. 2019ல எரிஞ்ச கூரைச் சட்டத்தை ஓக் மரத்துல, கோடாலியால கையால செதுக்கித்தானே திரும்பக் கட்டினாங்க, 2024 டிசம்பர்ல திறந்தாங்க? ஆமா, அதுதான் சரி. இடைக்காலக் கூரை கோடாலியில பிறந்தது. கோடாலி கட்டையோட வளைவை அனுசரிச்சுப் போகும், நாரை அறுக்காது. அந்தக் கூரை அந்தக் கருவியோட வரலாற்றுப் பத்திரம். பத்திரத்தை அதே பேனாவால எழுதினாங்க. இதே நியாயத்தை 1870 மாடல் கெஸீபோவுக்குப் போட்டுப் பாருங்க. அது பிறந்தது ஆவி ரம்பத்துல. அதைக் கைவாளால அறுத்துச் செய்யணும்னு அடம் பிடிக்கிறவங்கதான் வரலாற்றைத் திருத்துறாங்க. பெங்களூர்ப் பழைய பங்களாக்கள்ல ஜன்னல் மேல தொங்குற 'மங்கி டாப்' பூவேலைப் பலகையைப் பார்த்து ஏங்குறவங்களுக்கும் இதே பதில்தான். அந்த ஓரத்தைத் திரும்பச் செய்ய ரௌட்டர் தாராளமாப் போதும், பலகையை மட்டும் ஒல்லியாக்காம இருந்தா.

அதனால யாராவது ஒரு மண்டபமோ வளைவோ செய்யச் சொல்லி ஆர்டர் குடுக்கப் போறீங்கன்னா, கைவேலையா மெஷினான்னு விசாரிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. ஓரப் பலகை தடிமன் எவ்வளவுன்னு கேளுங்க. வளைவை எத்தனை துண்டாச் செய்வீங்க, நார் எந்தப் பக்கம் ஓடும், உள்மூலையை யார் உளி போட்டு எடுப்பாங்க, தூணோட அடி மண்ணுல படாம எது மேல நிக்கும்னு கேளுங்க. பூ ஓட்டையோட உள்பக்கத்துக்கும் பெயின்ட் உண்டான்னு மறக்காமக் கேளுங்க. முக்கால் அங்குலம், பிளைவுட், ஒரே துண்டுன்னு பதில் வந்தா, அட்வான்ஸ் குடுக்காம எழுந்து வந்துடுங்க.